சந்தைவிலைச் சக்கரவர்த்தியின் மெய்க்கீர்த்தி

ஸ்வஸ்திஸ்ரீ! தள்ளாடி முதல் தலைமன்னார் இறங்குதுறை வரையிலும், அருவியாற்றின் இரு கரையிலும், சக்கரம் பூட்டிய பொருள் எதுவாயினும் அதன் பெறுமதி இதுவே என்று ஒரே வாக்கில் தீர்த்துவைத்து, அந்த வாக்குக்கு மறுவாக்கு இல்லாதபடி கொலுவீற்றிருந்தருளும் மாட்சிமை தங்கிய சந்தைவிலைச் சக்கரவர்த்தி நீடூழி வாழ்க! பண்டைய வேந்தர்கள் தம் வெற்றிகளைக் கல்லில் வெட்டினார்கள். வழிப்போக்கனும் நின்று வாசித்தான். எம்பெருமானோ தன்னடக்கத்தின் சிகரம். தம் மெய்க்கீர்த்தியை மோட்டார் வாகனக் காப்புறுதிப் பத்திரத்தின் பின்புறத்தில், பூதக்கண்ணாடிக்கு மட்டும் புலப்படும் எழுத்தில், வாசிப்போர் மனம் வீணே கலங்காத வண்ணம் பொறித்தருளியிருக்கிறார். அதைப் பெரிய எழுத்தில் எடுத்து எழுதும் சிறு தொண்டு இது.

மன்னாரில் அடியேன் வீட்டு முற்றத்தில் ஓர் ஒஸ்ரின் ஏ-40 நிற்கிறது. சமர்செற் வகை. 1952-க்கும் 1954-க்கும் இடையில் இங்கிலாந்தின் லோங்பிரிஜ் தொழிற்சாலையில் பிறந்த வமிசம். 1,200 சீசீ இயந்திரம், 42 குதிரைவலு. இலக்கத்தகட்டில் இருப்பவை சிங்களச் சிறீ எழுத்துக்கு முந்திய ஆங்கில எழுத்துகள். 1958-இல் சிறீ எதிர்ப்புத் தார்ப்பூச்சு நடந்தபோது இதன் தகட்டை யாரும் தொடவேண்டி வரவில்லை. பதிவுப் புத்தகம் முதல் உரிமையாளரின் கையெழுத்தோடு பத்திரமாக இருக்கிறது. சேகரிப்பாளர்கள் கண்ணில் இவையெல்லாம் விலையைக் கூட்டும் சங்கதிகள். பெருமானின் சந்நிதியில் இத்தகைய உலகாயத விவரங்களுக்கு இடமில்லை. அவர் பார்ப்பது ஒன்றே: பிறந்த ஆண்டு. அதைக் கண்டதும் அவருடைய திருமுகத்தில் படரும் இரக்கத்தை எழுத எழுத்தாணி போதாது.

ஆண்டுதோறும் காப்புறுதியைப் புதுப்பிக்கும் காலத்தில் பெருமானின் தூதர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் எழுந்தருளுவார். முற்றத்து வேம்பின் கீழ் அமர்ந்து, தேநீர் பருகி, படிவத்தை விரித்து, உலகத்தின் மிகப் பெரிய கொடையாளிகள் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வியைக் கேட்பார்.

“ஐயா, இந்தமுறை எவ்வளவுக்குப் போடுவம்?”

“தம்பி, இதுக்கு என்ன பெறுமதி எண்டு நீங்கள்தானே சொல்லவேணும்?”

“அப்பிடி ஒண்டுமில்லை ஐயா. உங்கட கார், உங்கட விருப்பம். எவ்வளவும் போடலாம்.”

எவ்வளவும் போடலாம்! பாரிவள்ளல் தேரைக் கொடுத்தபோதுகூட, எந்தத் தேர் என்று முல்லைக்கொடியைக் கேட்டதில்லை. எம்பெருமான் கேட்கிறார். தொகையை நாமே தேர்ந்தெடுக்கும் சுதந்திரத்தை வழங்குகிறார். பத்து லட்சம் என்றால் பத்து லட்சம், இருபது என்றால் இருபது. தூதர் முகம் சுளித்ததில்லை. தொகை உயர உயர அவர் முகத்தில் அன்பும் உயர்வதை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். நாம் சொன்ன தொகையைப் படிவத்தில் எழுதி, அந்தத் தொகைக்கு உரிய கட்டுப்பணத்தைக் கணக்கிட்டு, சதம் குறையாமல் பெற்றுக்கொண்டு, பற்றுச்சீட்டு எழுதித் தருவார். குடிமக்களின் சொல்லுக்கு இத்தனை மதிப்புக் கொடுத்த அரசு வரலாற்றில் வேறு உண்டா?

அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பணம் கட்டும் நாளில் மட்டும் மதிப்பு என்று குறுகிய புத்திக்காரர் சிலர் முணுமுணுக்கிறார்கள். பத்திரத்தின் பின்புறத்தை அவர்கள் பக்தியோடு படித்ததில்லை. அங்கே பெருமானின் நீதி முழுவதும் ஒரே வரியில் அடங்கியிருக்கிறது. காருக்கு முழு இழப்பு நேர்ந்தால் கிடைப்பது காப்புறுதித் தொகை அல்லது இழப்பு நேர்ந்த நாளின் சந்தைவிலை. இரண்டில் எது குறைவோ அது. நாம் எழுதிய தொகை ஓர் உச்சவரம்பு மட்டுமே. அதற்கு மேல் போகமாட்டோம் என்பதுதான் வாக்குறுதி. அது வரை வருவோம் என்று பெருமான் ஒருபோதும் திருவாய் மலர்ந்ததில்லை. பத்து லட்சத்துக்குக் காப்புறுதி செய்த கார் நான்கு லட்சம்தான் பெறும் என்று பின்னர் அவர் திருவுளம் பற்றினால், நான்கு லட்சம் கிடைக்கும். மிச்சம் ஆறு லட்சத்துக்கு இத்தனை ஆண்டாகக் கட்டிய பணம் காணிக்கை. காணிக்கையைத் திருப்பிக் கேட்பது எந்தச் சந்நிதியிலும் வழக்கமில்லை.

அப்படியானால் குறைத்துப் போடுவோமே என்று எண்ணும் அற்பர்களையும் பெருமான் கைவிடுவதில்லை. அவர்களுக்கென்று சராசரி விதி என்னும் பேரருள் வைத்திருக்கிறார். காரை நான்கு லட்சத்துக்குப் போட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கதவும் மட்காட்டும் நசுங்கி, திருத்தச் செலவு இரண்டு லட்சம் வருகிறது. அப்போது பெருமான் உங்கள் காரை நிமிர்ந்து பார்க்கிறார். அதுவரை காணாத அழகெல்லாம் அவர் கண்ணுக்குப் புலனாகிறது. இது எட்டு லட்சம் பெறுமதியான அரும்பொருள் அல்லவா, இதைப் பாதி விலைக்குத்தானே காப்புறுதி செய்தீர்கள், ஆகவே பாதிச் சேதத்துக்கு நீங்களே பொறுப்பு என்று ஒரு லட்சத்தைக் கொடுத்தருளுகிறார். முழுதாக அழிந்தால் கார் மலிவு. சிறிதாக அடிபட்டால் கார் விலையேறியது. ஒரே காரை இரண்டு விதமாகக் காணும் இந்தத் தெய்வீகப் பார்வை மானிடருக்கு வாய்க்காது. கூடப் போட்டவனுக்கும் குறையப் போட்டவனுக்கும் ஒரே சமநீதி வழங்குவதால்தான் அவரைச் சக்கரவர்த்தி என்கிறோம்.

இந்த மண்ணில் முன்பு ஒரு காட்டுமிராண்டிக் காலம் இருந்தது. மரிச்சுக்கட்டிக் கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலம். 1905-இல் நடந்த பெரும் குளிப்பைப் பற்றி இன்றும் வயதானவர்கள் தம் பாட்டன்மார் சொன்னதாகச் சொல்வார்கள். சிப்பியின் வாயைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விட்டார்கள். அது சூதுதான், ஆனால் இரு தரப்புக்கும் ஒரே இருட்டு. முத்து வெளியே வந்தபிறகு சூதுக்கு இடமே வைக்கவில்லை அந்தப் பாமரர்கள். துளையின் அளவு படிப்படியாகச் சிறுத்துவரும் பெட்டி எனும் பித்தளைச் சல்லடைகளில், 20 முதல் 1,000 வரை இலக்கமிட்ட பத்துப் பெட்டிகளில், சலித்துத் தரம் பிரித்தார்கள். பிறகு ஒவ்வொரு முத்தையும் வெள்ளைத் துணியில் உருட்டி, வடிவும் ஒளியும் பார்த்து ஆணி, அணாதாரி, கலிப்பு, குறுவல், தூள் என்று பெயரிட்டார்கள். மஞ்சாடியிலும் கழஞ்சிலும் நிறுத்து, எடையின் வர்க்கத்திலிருந்து செவ்வுக் கணக்குப் போட்டு, விற்பவன் முன்னிலையிலேயே விலை சொன்னார்கள். ஒரே எடையுள்ள இரண்டு முத்துக்கு ஒரே விலை கிடையாது. எடை இரட்டித்தால் விலை நாலு மடங்கு. அரியது அரிது என்பதற்காகவே மதிக்கப்பட்ட அநாகரிக யுகம் அது.

எம்பெருமானின் ஆட்சியில் அந்த வீண்சிரமங்கள் ஒழிந்தன. மதிப்பிடுவதற்குக் காரைத் தொடவேண்டிய அவசியமே இல்லை. பேப்பரில் வந்த விற்பனை விளம்பரங்கள் இரண்டு, கணினித் திரையில் ஒரு விலைப்பட்டியல், பிறந்த ஆண்டு. மூன்றும் சேர்ந்தால் பெறுமதி பிறந்துவிடும். எங்கள் மாவட்டத்தில் ஓடக்கூடிய சமர்செற் எத்தனை முறை கைமாறுகிறது? வைத்திருப்பவன் விற்கமாட்டான். விற்காததால் விளம்பரம் இல்லை. விளம்பரம் இல்லாததால் சந்தை இல்லை. சந்தை இல்லாததால் விலை இல்லை. எவ்வளவு நேசித்துக் காப்பாற்றுகிறானோ அவ்வளவுக்கு அதன் பெறுமதி குறைகிறது என்ற இந்த ஞானத்தைப் பட்டினத்தடிகள் அறிந்திருந்தால் துறவுக்கு வேறு உபதேசம் தேடியிருக்கமாட்டார்.

பெருமானின் இந்த அளவுகோலை அயல்நாட்டவர் அறியாமல் போனது அவர்களுடைய துரதிர்ஷ்டம். 1955-ஆம் ஆண்டு மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் கூப்பே என்று ஒன்று. உலகத்தில் இரண்டே இரண்டு. 2022-இல் அதில் ஒன்றை ஜெர்மனியில் 13 கோடி 50 லட்சம் யூரோவுக்கு விற்றார்கள். அதற்கு முன் அது யாருக்கும் விற்கப்பட்டதே இல்லை. அதாவது அதற்குச் சந்தையே இருந்ததில்லை. ஏலத்துக்கு முதல்நாள் நம் பெருமானின் மதிப்பீட்டாளர் ஒருவரை ஸ்ருட்காட்டுக்கு அனுப்பியிருந்தால், அறுபத்தேழு வயதுக் கார், இரண்டு பேர் இருக்கை, டிக்கியில் இடம் போதாது என்று நியாயமான ஒரு தொகையில் முடித்திருக்கலாம்.

இனிப் பெருமானின் வாத்சல்யத்தைச் சொல்லவேண்டும். அது தேய்மானக் கழிவு என்ற பெயரில் பொழிகிறது. பழைய பாகம் உடைந்து புதிய பாகம் பூட்டினால், அதனால் உடைமைக்காரன் லாபம் அடைந்துவிடுவானோ என்ற கவலை அவருக்கு. ஆகவே காரின் வயதுக்கேற்பப் புதிய பாகத்தின் விலையில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்கிறார். வயது கூடக் கூடப் பங்கும் கூடும். அத்தோடு கறள் என்ற ஒன்றை அவர் தம் அகராதியிலிருந்தே விலக்கிவைத்திருக்கிறார். சோளகம் வீசும் மாதங்களில் உப்பளத்துக் காற்று மன்னார்த் தீவில் இரும்பை என்ன செய்யும் என்பது இங்கே பிறந்த பிள்ளைக்குத் தெரியும். பேசாலையில் நிறுத்திய காரும் கண்டியில் நிறுத்திய காரும் பெருமானுக்கு ஒன்றே. பிரதேச வேறுபாடு பாராட்டாத பரந்த உள்ளம்.

அந்தப் பரந்த உள்ளம் எங்கள் காரின் வாழ்க்கை வரலாற்றையும் அதே சமபாவத்தோடு படித்தது. 1990 நடுப்பகுதியில் போர் மீண்டும் மூண்ட பிறகு வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. எரிபொருள், பற்றரி, வாகன உதிரிப்பாகம் எல்லாம் தடைசெய்யப்பட்ட பொருள்கள். அடம்பன், மடு, வெள்ளாங்குளப் பக்கத்தில், வன்னியில், யாழ் குடாநாட்டில் அந்தக் காலத்தில் ஓடியவை இந்த ஏ-40-களும் ஒஸ்ரின் கேம்பிரிஜ்களும் மொறிஸ் மைனர்களும்தான். புதிய கார்களுக்கு அந்தத் துணிச்சல் இருக்கவில்லை. சின்னப் போத்தலில் இருந்து சில சொட்டுப் பெற்றோலை காபரேற்றருக்குக் காட்டி இயந்திரத்தை உசுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகை கண்ணைக் கரிக்கும். பிரசவ வலி கண்ட பெண்களும், ஷெல் காயம் பட்டவர்களும் அந்தப் புகையில்தான் ஆஸ்பத்திரி போனார்கள். இயந்திர மவுண்டிங்குக்கு லொறி ரயரை வெட்டினார்கள். கஸ்கற்றுக்குக் கார்ட்போர்ட். பிஸ்ரன் றிங்குக்கு எந்த வாகனத்தில் எது பொருந்தும் என்பதைத் தலைக்குள் பட்டியலாக வைத்திருந்த கராஜ்காரர்கள் இருந்தார்கள்; அவர்களுக்குப் பொறியியல் பட்டம் எந்தப் பல்கலைக்கழகமும் கொடுக்கவில்லை.

இந்த அற்புதத்தையெல்லாம் பெருமானின் மதிப்பீட்டாளர் ஒரே சொற்றொடரில் வடித்தெடுத்தார்: “அசல் பாகங்கள் அல்ல.” அதற்கு ஒரு கழிவு. கவிஞர்கள் காவியம் எழுதி வீணாக்கும் செய்தியை மூன்றே சொல்லில் சொல்லும் சொற்சிக்கனம்!

அதே தொண்ணூறுகளின் தொடக்கத்தில், இதே இலங்கையின் தெற்கில், மொறிஸ் மைனருக்கு மட்காட்டும் தகடும் புதிதாகச் செய்து இங்கிலாந்துக்குக் கப்பலேற்றினார்கள். பாத் நகரத்து மொறிஸ் மைனர் திருத்தகம் ஒன்றோடு கூட்டு. அங்கே இங்கிலாந்துக்காரர் தம் அருமைக் காருக்கு இலங்கையில் செய்த மட்காட்டைப் பூட்டி அழகு பார்த்தார்கள். வடக்கே அதே மட்காட்டுக்குத் தடை. ஆயிரக்கணக்கான மைல் கடலைத் தாண்டிய பொருள் ஒரு சோதனைச்சாவடியைத் தாண்டவில்லை. அப்படித் தாண்டாத மட்காட்டைப் பூட்டாத குற்றத்துக்கும் எங்களிடம் கழிவு பிடித்துக்கொண்ட பெருமானின் நடுநிலையை நினைக்க நெஞ்சு உருகுகிறது.

போரைப் பற்றிப் பேசும்போதுதான் பெருமானின் மௌன விரதம் முழுப் பொலிவோடு வெளிப்படுகிறது. யுத்தம், உள்நாட்டு யுத்தம், கிளர்ச்சி ஆகியவற்றால் நேரும் இழப்பு காப்புறுதிக்கு உட்படாது என்று வழக்கமான பத்திரங்கள் எல்லாம் சொல்கின்றன. 1983-இல் தமிழருக்கு எதிராக நடந்த வெறியாட்டத்துக்குப் பிறகு கலவரம், வேலைநிறுத்தம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கென்று அரசு ஒரு தனி நிதியத்தை எண்பதுகளின் பிற்பகுதியில் அமைத்தது; அதற்கு வேறாகப் பணம் கட்டவேண்டும்; 2006-க்குப் பின் அது தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் கீழ் வந்தது. கொழும்பில் ஒரு கார் எரிந்தால் அதற்கு ஒரு வாசலாவது உண்டு. 1990 ஒக்டோபர் கடைசியில் எருக்கலம்பிட்டியிலும் தாராபுரத்திலும் புலிகள் முஸ்லிம் மக்களை வெளியேற்றியபோது, கையில் எடுக்கக்கூடியதை எடுத்துக்கொண்டு வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்குப் போனார்களே, அவர்கள் வாசலில் விட்டுப்போன கார்களுக்கு எந்த வாசல்? 2008-இல் மன்னாரின் பெருநிலப்பரப்பில் இருந்து மக்கள் உழவு இயந்திரத்திலும் காரிலும் கிழக்கே கிழக்கே நகர்ந்து, 2009 மே மாதம் முள்ளிவாய்க்கால் மணலில் எரிந்த இரும்புக் குவியலாக எல்லாவற்றையும் விட்டுவந்தார்களே, அந்தக் குவியலுக்கு எந்தப் படிவம்? பெருமான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சிலருக்குக் கொடுத்துச் சிலருக்கு இல்லையென்று ஆகியிருக்கும். தமிழன், முஸ்லிம், தீவான், பெருநிலத்தான் என்று பாராமல் எல்லாருக்கும் சமமாக ஒன்றும் கொடுக்காமல் காத்த பெருந்தகை அவர். இந்த மாவட்டத்தில் அத்தனை கால யுத்தத்தில் இன ஒற்றுமையை ஒரு நாளும் பிசகாமல் கடைப்பிடித்த ஒரே நிறுவனம் காப்புறுதிப் பத்திரத்தின் விலக்குப் பிரிவுதான்.

அவரைக் கல்நெஞ்சர் என்று நினைத்துவிடாதீர்கள். பெருமானின் உள்ளம் இளகும் காலங்களும் உண்டு. 2020 மார்ச்சில் அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2022-இல் ரூபாய் விழுந்தது. மார்ச் தொடக்கத்தில் டொலருக்கு இருநூறு சொச்சமாக இருந்தது மே மாதத்தில் முந்நூற்றைம்பதைத் தாண்டியது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் துறைமுகம் மறுபடி திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டில் பழைய ஜப்பான் கார்கள் புதிதாக வாங்கிய விலையைத் தாண்டி ஏறின. பெருமான் அந்த ஏற்றத்தை ஒரு தயக்கமும் இன்றி அங்கீகரித்தார், கட்டுப்பணமும் ஏறியது. எங்கள் ஏ-40-க்கும் ஏற்றம் உண்டோ என்று விசாரித்தேன். பாகங்களைப் பவுணில் வாங்கவேண்டியிருக்கிறது, ஒரு கதவு இறப்பர் வருவிக்கும் செலவே ஏறிவிட்டது என்றும் விண்ணப்பித்தேன். திருத்தும் செலவு என்பது பெறுமதி ஆகாது, விற்றால் என்ன வரும் என்பதே பெறுமதி என்று அருளுரை வந்தது. விற்கப்போவதில்லையே என்றேன். அப்படியானால் பெறுமதியைப் பற்றிக் கவலை எதற்கு என்று பதில் வந்தது. உபநிடதத்தில் வரும் குரு சீடன் உரையாடல்களில்கூட இத்தனை ஆழத்தை நான் கண்டதில்லை.

பிறகு ஒருநாள் பெருமானின் முழுத் தரிசனமும் கிட்டியது. பாலத்தைத் தாண்டி நகரத்துக்குள் வரும் வீதியில், மன்னார்க் கழுதைகள் வழக்கம்போல நடுவீதியில் நின்று ஆலோசனை நடத்திக்கொண்டிருந்தன. ஒன்றைத் தப்பவைக்கத் திருப்பியதில் கார் மதகுக் கட்டில் மோதியது. முன் மட்காட்டும் ஒரு கதவும் போயின, போனற் வளைந்தது. எந்த நிறுவனம் என்பதை இங்கே எழுதவில்லை. எல்லா நிறுவனங்களிலும் ஆள்பவர் ஒருவரே என்பதால் பெயர் தேவையில்லை. மதிப்பீட்டாளர் வந்தார். ஆறடி தள்ளி நின்று தொலைபேசியில் படம் எடுத்தார். டிங்கர் வேலைக்கும் பெயின்றுக்கும் கராஜ்காரர் எழுதிக்கொடுத்த மதிப்பீட்டைப் பார்த்தார். சில நாளில் திருமுகம் வந்தது: திருத்தச் செலவு சந்தைவிலையை மீறுவதால், கார் முழு இழப்பு.

ஏழு தசாப்தம் ஓடி, மண்ணெண்ணெய் குடித்து, தடையைக் கடந்து, மோதியபிறகும் சாவியைத் திருப்பினால் இயந்திரம் உறுமிய கார், ஒரு கடதாசியால் காலமானது. இயமனுக்கும் பாசக்கயிறு வேண்டியிருந்தது. மார்க்கண்டேயனிடம் அவன் தோற்றும் போனான். பெருமானுக்கு ஒரு ஏ-4 தாள் போதும்.

கருணை அதோடு நிற்கவில்லை. காரைப் பிரிய மனமில்லை என்று சொன்னபோது, உடைசலை நீங்களே வைத்திருங்கள், அதன் பெறுமதியை மட்டும் கழித்துக்கொள்கிறோம் என்றார்கள். கழித்த தொகையைக் கண்டபோதுதான் என் கார் எத்தகைய பொக்கிஷம் என்று எனக்கே தெரிந்தது. முழுக் காராக நின்றபோது அதில் அவர் காணாத மதிப்பையெல்லாம் உடைசலில் கண்டிருந்தார். இயந்திரம் நல்ல நிலையில் உள்ளது, சேகரிப்பாளர் வாங்கக்கூடும், அரிய மாதிரி என்றெல்லாம் அந்தக் கடிதத்தில் எழுதியிருந்தது. ஆம், அரிய மாதிரி. நான் பல ஆண்டாகக் கெஞ்சிக் கேட்ட சொல், பணத்தைக் குறைக்கவேண்டி வந்தபோது பெருமானின் பேனாவிலிருந்து தானாகவே சொரிந்தது. கராஜ்காரர் கதவைத் தட்டி நிமிர்த்தி, மட்காட்டைத் தகட்டில் புதிதாக வடித்து, காரை மறுபடி வீதிக்கு விட்டார். காலமான கார் இப்போது ஞாயிறுதோறும் பூசைக்கும் சந்தைக்கும் போய்வருகிறது.

நமது உடைமைக்காரர்களின் பக்தியையும் சொல்லாவிட்டால் இந்த மெய்க்கீர்த்தி நிறைவுபெறாது. குடி எப்படியோ கோன் அப்படி. 1951-ஆம் ஆண்டின் 14-ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாம் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அது இல்லாமல் ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது. பெரும்பாலான பழைய கார் உடைமைக்காரர் அந்த ஒரு துண்டோடு திருப்தி அடைகிறார்கள். அடுத்தவனுக்குக் கேடு வந்தால் பணம், தன் காருக்கு வந்தால் ஒன்றுமில்லை என்ற அந்தத் தியாகத்தைச் சிலர் சிக்கனம் என்று கொச்சைப்படுத்துகிறார்கள். இன்னும் சிலர் காரை மினுக்கி மினுக்கி வைத்திருப்பார்கள். நாலு பக்கமும் ஒரு படம்கூட எடுத்துவைக்கமாட்டார்கள். செலவழித்த பற்றுச்சீட்டைக் கிழித்தெறிவார்கள். சசி இலக்கம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் தெரியாது. முன்னே ஒரு தனி மதிப்பீட்டாளரிடம் எழுத்தில் அறிக்கை வாங்குவது பெருமானின் நேர்மையைச் சந்தேகிப்பதாகும் என்று அஞ்சுவார்கள். இழப்பு வந்தபிறகு பெருமானின் தொகையை எதிர்த்துக் காட்ட அவர்கள் கையில் ஒரு தாளும் இருக்காது. சண்டைக்கு வரும்போது வாளை வீட்டில் வைத்துவிட்டு வரும் இந்தப் பெருந்தன்மையை எந்தக் குதிரைவீரனிடம் காண்போம்?

பிறநாட்டவர் நிலையைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கிறது. பிரித்தானியாவில் ஒஸ்ரின் கழகக்காரரும் மொறிஸ் கழகக்காரரும், காரின் படங்களையும் திருத்தச் செலவையும் வைத்து, இது இன்ன தொகை பெறும் என்று கையெழுத்திட்ட கடிதம் கொடுக்கிறார்கள். காப்புறுதி நிறுவனம் அதைப் பார்த்துப் பேசி ஒரு தொகையில் உடன்படுகிறது. உடன்பட்ட பெறுமதி என்று அதற்குப் பெயர். கார் முழுதாகப் போனால் அந்தத் தொகை. விவாதம் இல்லை, விளம்பரம் வெட்டி ஒட்டும் வேலை இல்லை, எது குறைவோ அது என்ற தத்துவ விசாரமும் இல்லை. அவ்வப்போது படமும் விலையும் புதுப்பித்தால் சரி. என்ன சப்பென்ற வாழ்க்கை! இழப்பு நேர்ந்தபிறகு தன் உடைமை எவ்வளவு பெறும் என்று முதன்முறையாக அறியும் அந்த உத்வேகம் அவர்களுக்கு இந்தப் பிறவியில் கிடையாது.

நான் மட்டும் இந்த முறை சற்று மேற்கத்திய மோகத்துக்கு ஆட்பட்டுவிட்டேன். காரை முன்னும் பின்னும் உள்ளும் அடியும் படம் எடுத்தேன். இயந்திர இலக்கம், சசி இலக்கம், பதிவுப் புத்தகத்தின் பக்கங்கள். கராஜ்காரர் வேலைக் கணக்கைக் கையெழுத்திட்டுத் தந்தார். இங்கிலாந்தில் பாகங்கள் இன்று என்ன விலை என்று பட்டியல் எடுத்தேன். தனி மதிப்பீட்டாளர் ஒருவரை வரவழைத்து, இதே காரை இதே நிலைக்குக் கொண்டுவர என்ன செலவாகும் என்று எழுதி வாங்கினேன். எல்லாவற்றையும் கோப்பில் கட்டித் தூதரிடம் நீட்டினேன். இந்தத் தொகைக்கு உடன்படுவதாகப் பெருமான் ஒரு வரி எழுதித் தந்தால் போதும் என்றேன்.

“அப்பிடி எழுதித் தாற வழக்கம் இல்லையே ஐயா,” என்றார் தூதர். “ஆனா தொகையை எவ்வளவும் போடலாம்.”

ஆகவே, கோப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அதன் மேல் இந்த விண்ணப்பத்தை இணைத்திருக்கிறேன். பெருமானே, காரின் பெறுமதியை அது அழிந்தபிறகே நிர்ணயிப்பது என்ற தங்கள் முறை அத்தனை உயர்ந்தது. அதைப் பாதியில் நிறுத்துவது அதற்குச் செய்யும் அவமரியாதை. கட்டுப்பணத்துக்கும் அதே முறையை விரித்தருளவேண்டும். நான் இவ்வளவு தருவேன் என்று இப்போது ஒரு தொகையைப் படிவத்தில் எழுதித் தருகிறேன், எவ்வளவும் எழுதலாம். ஆண்டு முடிந்து, இழப்பு நேர்ந்ததா இல்லையா என்று தெரிந்தபிறகு, தாங்கள் எனக்கு ஆற்றிய சேவையின் அன்றைய சந்தைவிலையை நானே மதிப்பிட்டு, எழுதிய தொகை அல்லது அந்தச் சந்தைவிலை, இரண்டில் எது குறைவோ அதைச் செலுத்துவேன். தங்கள் நிறுவனத்தின் வயதுக்கேற்ற தேய்மானக் கழிவு போக.